கண்ணாடி கழற்றிய படம்

என் தங்கமான மருமகளே நிரோ,

கிழக்கிலங்கைக் கமராக்களின் மகாராணியே, உன் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால் கிரான் சந்தியில் படுத்திருக்கும் எருமைகளே எழுந்து நின்று சலாம் போடும் பெருமைக்குரியவளே, சுகமாக இருக்கிறாயா? கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். போன இடத்தில் உனக்குக் காய்ச்சலும் இல்லை, குளிசையும் இல்லை. சுகம் விசாரிக்க வேண்டிய ஆட்களெல்லாம் இந்தப் பக்கம்தான் இருக்கிறோம்.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா உன் படத்தைப் பிறேமிலிருந்து கழற்றிவிட்டாள். முன்னறையில் மாலையும் சிவப்பு மின்குமிழுமாகத் தொங்கிக்கொண்டிருந்த அதே படம்தான். இப்போது அது கண்ணாடியும் இல்லாமல், பின்மட்டையும் இல்லாமல், வெறும் கடதாசியாக உன் அறை யன்னலில் ஒரு உடுப்புக் கிளிப்பில் ஆடுகிறது. யன்னலுக்கு அந்தப் பக்கம் வாவி. அந்த உப்புக் காற்று இரும்புக் கேற்றையே தின்று ஏப்பம் விடும் காற்று என்பது உனக்குத் தெரியும். கடதாசி அதற்கு ஒரு வாய்க்குக் காணுமா?

நீ போய் ஒரு வருசம் முடிகிற ஆட்டைத்திவசம் வரப் போகிறது, அதற்குள் படத்தைத் திரும்பவும் பிறேமுக்குள் வைத்துவிட வேண்டும் என்று குடும்பம் கூடி முடிவெடுத்தது. என் அக்காவிடம், அதுதான் உன் அம்மாவிடம் பேசி அவளை இணங்க வைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், ஒன்ட வாய்க்கு மசியாத ஆள் இந்த ஊரில இல்ல. நீதான் பேசோணும்" என்றார். அத்தான் சொன்னது மெத்தச் சரி. இந்த வாய் ஒரு காலத்தில் கச்சேரி அலுவலக வாசலில் நின்று மழையையே திருப்பி அனுப்பிய வாய். ஆனால் இந்த விசயத்தில் அது எப்படி அடைபட்டது என்பதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எல்லாம் நீ எடுத்து வைத்துவிட்டுப் போன படங்களில்தான் தொடங்கியது.

பால் சேகரிக்கும் நிலையத்து வேலைக்கென்று போய், பால் கொண்டு வரும் பெண்களையெல்லாம் படம் எடுத்து வைத்திருந்தாயே. கிரான் வயல்வட்டைகளில் வரம்பு வழியே பால் கானோடு நடந்து வருகிறவர்கள், உன்னிச்சைக் குளக்கட்டில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மூச்சு வாங்குகிறவர்கள். அவர்களில் பலருக்கு அடையாள அட்டையில் திருடரைப் போல விழிக்கும் படத்தைத் தவிர வேறு படமே கிடையாது என்று என்னிடம் சொன்னாய். எல்லாவற்றையும் கிரானில் உள்ள நிலையத்துக் கட்டடத்தில் ஒரு நாள் தொங்கவிட வேண்டும், பிறகு அவரவர் படத்தை அவரவர் கொண்டு போகட்டும் என்றாய். படங்களைப் பிரதி எடுத்தும் முடித்தாய். அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது.

மாதக் கணக்காக அந்தப் படக் கட்டு உன் அலுமாரியில் கிடந்தது. ஒரு நாள் அக்கா அதை எடுத்து என் மடியில் வைத்து, "இத அந்த ஆக்களுக்குக் குடுத்திரு தம்பி" என்றாள். கொடுத்திருக்கலாம். ஒரு பையில் போட்டுக் கொண்டு போய் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் உன் மாமா அப்படிச் செய்கிற ஆளா? "நிரோ நினைத்ததை விடப் பத்து மடங்கு பிரமாதமாகச் செய்வேன், பாரிசிலிருந்து ஆள் வந்து பார்க்கும்" என்று முற்றத்தில் நின்று முழங்கினேன். பாரிசிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான் என்ன செய்ய, விசா கிடைக்கவில்லையாக்கும்.

முதலில் ரவுணில் ஒரு பிறேம் கடைக்குப் போனேன். "எத்தன படம் அண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர். "ஒரு ராச்சியத்துக்குப் போதுமான படம்" என்றேன். அவர் கணக்குப் பார்த்து விலையைச் சொன்னதும் நான் அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். "அண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் பாவம். அந்தக் கடையில் என் வசதிக்கு ஏற்றதாக இருந்தது அந்தத் தண்ணீர் ஒன்றுதான்.

சரி, காசில்லாதவனுக்கு மூளை இருக்கிறதே என்று தன்னாமுனைக்கு வண்டியை விட்டேன். அங்கே என் சிநேகிதன் அந்தோணி, மீன் ஏற்றுகிறவன். அவனிடம் உடைந்த ரெஜிபோம் மீன் பெட்டிகளின் மூடிகள் குவிந்து கிடந்தன. வெள்ளை, தட்டை, காற்றை விட இலேசு. ஆணியே வேண்டாம், ஒரு நூல் போதும் தொங்கவிட. சவர்க்காரம் போட்டு, தேசிக்காய் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பரிசோதனைக்காக என் சொந்தக் கலியாணப் படத்தை ஒன்றில் பொருத்தி வீட்டு மண்டபத்தில் மாட்டினேன். விடிவதற்குள் தெருவிலுள்ள பூனைகள் முழுவதும் அதன் கீழே வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

உன் மாமி வந்து பார்த்தாள். "இத்தன வருசத்தில ஒங்கட முகத்த ஆசையாப் பாத்தது இந்தப் பூனையள்தான்" என்றாள்.

அடுத்தது பசை. கோதுமை மாவைக் காய்ச்சி, அதே கலியாணப் படத்தை ஒரு மட்டையில் ஒட்டினேன். காய்ந்தபோது மட்டை வள்ளம் மாதிரி வளைந்துவிட்டது. போகட்டும், அதிலும் ஓர் அழகு இருக்கிறது என்று விட்டால், கரப்பான்கள் வந்து மாப்பிள்ளையை மட்டும் தின்றுவிட்டுப் பெண்ணை அப்படியே விட்டுவைத்திருந்தன. உன் மாமி அதைக் கடவுளின் தீர்ப்பு என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். நீ இருந்திருந்தால் அந்த மிச்சப் படத்தையும் ஒரு படம் எடுத்திருப்பாய், இல்லையா?

கடைசியில் கைகொடுத்தது பழைய கடித உறைகள். கலியாண அழைப்பிதழ் வந்த உறை, தண்ணீர்ப் பில் வந்த உறை என்று வீட்டில் கிடக்குமே, அவற்றின் மூலையை வெட்டியெடுத்தால் முக்கோணமாக ஒரு சின்னப் பை கிடைக்கும். படத்தின் நான்கு மூலையிலும் அதைக் குல்லா மாதிரிப் போட்டு, குல்லாவின் முதுகில் மட்டும் பசை தடவி மட்டையில் ஒட்டினால் முடிந்தது. படத்தில் பசை படாது, கரப்பானும் வராது, வேண்டுமென்றால் உருவிக்கொள்ளலாம். கண்டுபிடித்த மகிழ்ச்சியில் நான் வீட்டைச் சுற்றி ஓடினேன். உன் மாமி எனக்குத்தான் காய்ச்சல் என்று நினைத்துவிட்டாள்.

மட்டைக்குப் புத்தகக் கடையில் பிறிஸ்டல் போட் வாங்கினேன். கடைப்பிள்ளை வெள்ளை எடுத்துத் தந்தாள். "வெள்ளை சாதாரண மனிசருக்கு, எனக்குக் கறுப்பு எடு மகள்" என்றேன். நல்ல கன்னங்கரேலென்ற கறுப்பு. அதன் நடுவில் உன் படங்கள் வைரம் மாதிரி ஜொலித்தன. ஒவ்வொன்றையும் எட்டி நின்று பார்த்து, என் கையை நானே முத்தமிட்டேன்.

கிரான் கட்டடத்தில் சுவர் முழுக்க அவற்றை மாட்டினோம். அக்காவும் வந்தாள். நீ போன பிறகு அவள் வாசல்படி தாண்டியது அதுதான் முதல் தடவை. கதவோரம் ஒரு கதிரையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் வந்தார்கள். நல்ல சேலை, தலையில் பூ, பவுடர். முன்னால் வந்தது உன் சிநேகிதி பூமணியக்கா. உள்ளே காலை வைத்தவர் தன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். பிறகு கட்டடத்தின் கூரைத் தகடு கழன்று விழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"இஞ்ச வாங்க கா எல்லாரும்! நான் செத்துப் பொயித்தன்!"

எல்லோரும் ஓடி வந்தார்கள். "இதென்ன கா அநியாயம், என்னையும்தான் சாகடிச்சிரிக்கு!" என்றது ஒரு குரல். "ஒனக்காவது பெரிய படம், என்னையச் சின்னதாச் சாகடிச்சிரிக்கான்" என்றது இன்னொன்று. பூமணியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "டேய் மனே, என்னைய எப்படா எரிச்ச நீ? வீட்டில சொல்லாமக் கொள்ளாம எட்டுச் செலவும் முடிச்சிற்றியா?"

அப்போதுதான் எனக்கும் கண் திறந்தது. சுவரைப் பார்த்தேன். கறுப்புக் கரை, நடுவில் தனியாக ஒரு முகம். சந்தியில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கும் என் மகா கலைப்படைப்புக்கும் உள்ள வித்தியாசம் பிறப்பும் இறப்பும் போடாததுதான். நம்முடைய வீடுகளில் ஓர் ஆள் தனியாகச் சுவரில் தொங்கினால் அந்த ஆள் எப்படிப்பட்ட ஆள் என்று பாலகனுக்கும் தெரியும். உயிரோடு இருக்கிறவர்கள் கலியாணக் கூட்டத்தோடு, பிள்ளை குட்டிகளோடுதான் சுவரில் ஏறுவார்கள். இது தெரியாத ஒரே ஆள் இந்தப் பூமியில் உன் மாமன். நீயென்றால் வெள்ளை மட்டையைத்தான் எடுத்திருப்பாயோ? அல்லது மட்டையே வேண்டாமென்றிருப்பாயோ?

"கழட்டு மனே, முதல்ல எல்லாத்தையும் கழட்டு" என்றார் பூமணியக்கா. உறைமூலைக் குல்லாய்களின் புண்ணியத்தில் படங்கள் ஒரு கீறலும் இல்லாமல் உருவி வந்தன. நான் கொண்டு வந்த பையில் அந்தோணி தந்த தங்கூசி நூல் ஒரு சுருள் கிடந்தது. தூண்டிலுக்குக் கட்டுகிற அந்த நைலோன் நூலை யன்னலுக்கு யன்னல் இழுத்துக் கட்டினோம். பக்கத்து வீடுகளின் கொடிகளிலிருந்து பச்சை, மஞ்சள், நீலம் என்று உடுப்புக் கிளிப்புகள் வந்து இறங்கின. கிளிப்பின் பல் படத்தில் பதியாமலிருக்கச் சின்னத் துண்டுக் கடதாசியை மடித்து இடையில் வைத்தார்கள். அதையும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மின்விசிறியைப் போட்டதும் எல்லாப் படமும் ஆடத் தொடங்கியது.

"இப்பதான் கா நான் நானா இரிக்கன்" என்றார் பூமணியக்கா. "உடுப்புக் காயப்போட்ட மாதிரி இரிக்கு" என்றாள் ஒருத்தி. "இரிக்கட்டும். காயப்போட்ட உடுப்பு எண்டா உடுத்தின ஆள் உள்ள இரிக்காள் எண்டுதானே அர்த்தம்" என்றார் அவர். பிறகு ஒருவர் படத்தை ஒருவர் பகிடி பண்ணி அவர்கள் சிரித்த சிரிப்பில் கட்டடத்தின் கூரைத் தகடு கழன்று எங்கோ கூமுனையில் போய் விழுந்தது. இல்லை, கழலவில்லை. ஆனால் கழன்றிருக்க வேண்டும்.

ஒரே ஒருவர் மட்டும் என் கறுப்பு மட்டையை வேண்டுமென்று கேட்டார். பெண்களோடு வந்திருந்த உன்னிச்சை வைரமுத்தர். கமராவைக் கண்டால் மாட்டுக்குப் பின்னால் ஒளிகிறார் என்று படம் எடுக்காமல் பென்சிலால் வரைந்திருந்தாயே, அவர்தான். அந்தக் கடதாசியை அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இது நானில்ல தம்பி" என்றார். "நீங்கதான் அண்ணே, நிரோ உங்களப் பாத்துத்தான் கீறினாள்." அவர் தலையை ஆட்டினார். "இல்ல. இது எங்கட அப்பா. அந்த மனிசன்ட படம் ஒண்டும் எங்களுக்கிட்ட இல்ல. அந்தக் கறுப்ப எனக்குத் தாங்க, இவருக்குத்தான் அது பொருத்தம்." பென்சில் கோடு கண்ணாடியில் பட்டால் அழிந்துவிடும், ஓரத்தில் தடித்த மட்டையை வைத்து இடைவெளி விட்டுப் பிறேம் போடுங்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். அப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

அக்கா அன்று முழுவதும் கதவோரக் கதிரையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டாள்: "உயிரோட இரிக்கிற ஆக்களெல்லாம் கிளிப்பில ஆடினாங்க, என்ன தம்பி?"

"ஓம் அக்கா" என்றேன்.

அந்த ஓமைத் திருப்பி விழுங்க ஏதாவது வழி உண்டா நிரோ? என் வாழ்நாளில் நான் அவிழ்த்துவிட்ட இலட்சம் பொய்களில் ஒன்றை அந்த இடத்தில் சொல்லியிருக்கக் கூடாதா? மறுநாள் காலையில் போனால் முன்னறைச் சுவரில் வெறும் ஆணி. பிறேம் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது, பின்பக்கத்து ஆணிகளெல்லாம் வளைந்து கிடக்கின்றன. நீ உன் அறை யன்னலில் ஆடிக்கொண்டிருக்கிறாய்.

அந்தப் படம் எந்தப் படம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. எல்லோரையும் எடுத்த உனக்கு உன்னை எடுக்க ஆள் இருக்கவில்லை. பூமணியக்காவின் கையில் கமராவைக் கொடுத்து ஒரு நாள் அழுத்தச் சொல்லியிருக்கிறாய். படம் கொஞ்சம் சரிந்திருக்கிறது, கீழ் மூலையில் அவருடைய விரல் மங்கலாக விழுந்திருக்கிறது, நீ வாய் விட்டுச் சிரிக்கிறாய். பிறேம் போடும்போது அந்த விரல் தெரியாமல் இருக்க உள்மட்டையை நான்தான் அகலமாக வெட்டச் சொன்னேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்தது.

அக்காவோடு பேசப் போனேன். யன்னலுக்குக் கீழே நிலத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் என் பிரசங்கத்தை எடுத்தேன். வெயில் பட்டால் நிறம் போகும், உப்புக் காற்றுக்குக் கடதாசி பூத்துவிடும், கை எண்ணெய் பட்டால் கறை விழும், பூச்சி வரும், கண்ணாடி போட்டால் நூறு வருசத்துக்கு நிற்கும். இடையிடையே உலக நாட்டு நூதனசாலைகளையெல்லாம் சாட்சிக்கு அழைத்தேன். அக்கா முடியும் வரை கேட்டாள்.

"கண்ணாடிக்குப் பின்னால இருந்தா என்ட முகம்தான் தெரியிது தம்பி."

எனக்கு விளங்கவில்லை. அவள் கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "முன்னறையில எதிர்ல யன்னல். அவளப் பாக்கப் போய் நிண்டா கண்ணாடியில நான் தெரியிறன். என்ட நரச்ச தலையும் என்ட மூஞ்சியும். தள்ளி நிண்டு பாத்தன், சரிஞ்சு பாத்தன், லைற்ற நூத்திற்றுப் பாத்தன். ஒரு வருசமா நான் என்னைத்தான்டா பாத்துக்கொண்டு இரிக்கன்."

வேறு சுவரில் மாட்டுவோம் அக்கா என்றேன். எல்லாச் சுவருக்கும் எதிரில் ஒரு யன்னல் இருக்கு என்றாள். மினுக்கமில்லாத கண்ணாடி ஒன்று இருக்கிறது, கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம் என்றேன். அவள் கீரைக்குத் திரும்பிவிட்டாள். சரி, கண்ணாடியே வேண்டாம், லாமினேற் பண்ணிக் கிளிப்பிலேயே தொங்கவிடுவோம், ஈரமும் படாது என்றேன். எத்தனை மலிவான, எத்தனை நல்ல யோசனை, சொல் பார்க்கலாம்?

"பொலித்தீனுக்குள்ள போட்டா புள்ளைக்கு மூச்சு முட்டாதா?" என்றாள்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. நிரோ, உன் மாமனின் வாய் திறந்து, அதிலிருந்து ஒன்றும் வராமல் மூடியது. ஊரில் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதே.

அக்கா எழுந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். படத்தின் கீழ் மூலையில், அந்த மங்கலான விரலைத் தொட்டுக் காட்டினாள். "இத ஏன்டா மறைச்சு வெச்ச? இந்த விரல மறைச்சா அவள் ஆரப் பாத்துச் சிரிக்காள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" பிறகு உன் கன்னத்தைத் தடவினாள். தடவின இடத்தில் ஏற்கெனவே மினுக்கம் போய்க் கொஞ்சம் வெளுத்திருந்தது. அப்படியென்றால் தினமும் தடவுகிறாள். கை எண்ணெய் பற்றி நான் அப்போதுதான் ஒரு பிரசங்கம் செய்து முடித்திருந்தேன்.

ஸ்ரூடியோவில் பிரதி எடுத்து என் அலுமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன், அது கெட்டுப் போகாது. அதை எடுத்துக் காட்டி, "இத ஆடவிடுவம் அக்கா, அத உள்ள வைப்பம்" என்றும் கேட்டுப் பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். பிரதியை என்னிடமே திருப்பி நீட்டினாள். "இது அவள்ர படம். அது அவள் கையால தந்த படம்" என்றாள்.  அதற்கு உனக்கு விடை தெரியுமென்றால் கனவிலாவது வந்து சொல்லு.

அத்தானிடம் போய்த் தோற்றுவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. "அவள் ராவையில அந்த யன்னலச் சாத்த விடுறாளில்ல மச்சான். மழைச் சாரல் அடிச்சா எழும்பிப் போய்க் குடையப் பிடிச்சுக்கொண்டு நிக்காள்" என்றார். சொல்லிவிட்டுத் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நேற்று உன் ஆட்டைத்திவசம்.

ஐயர் வந்து பார்த்துவிட்டு, "படம் எங்கே?" என்றார். அக்கா உள்ளே போய் உன்னைக் கொண்டு வந்து, முன்னறையில் இரண்டு யன்னலுக்கும் குறுக்கே அவளே ஒரு கயிற்றைக் கட்டி, கிளிப்பில் கொழுவினாள். ஐயர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "சரி, அம்மாட விருப்பம்" என்று அவர் வாழையிலையை விரித்தார். நல்ல மனிசன்.

பூமணியக்காவும் கிரானிலிருந்து ஆட்களோடு வந்திருந்தார். படம் ஆடுவதைப் பார்த்ததும் அவருடைய வாய் கோணியது. அன்று அந்தக் கட்டடத்தில் கூச்சல் போட்டதை நினைத்திருப்பார். "நான் ஒண்டு சொல்லப் போக இஞ்ச என்னெல்லாம் நடந்திரிக்கு மனே" என்று என் காதில் சொன்னார். "பறையாம இரிங்க அக்கா" என்றேன். இருவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டோம்.

ஐயர் தொடங்கினார். காற்று எழும்பியது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, வாவியைக் கடந்து நேரே உள்ளே வந்தது. படம் ஒரு சுழல் சுழன்று சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது. எங்களுக்கு வெறும் வெள்ளை முதுகுதான் தெரிந்தது. நான் போய்த் திருப்பிவிட்டு வந்தேன். உட்காருவதற்குள் மறுகாவும் திரும்பிவிட்டது. யன்னலைச் சாத்தப் போனேன், அக்கா ஒரு பார்வை பார்த்தாள். கீழே ஒரு கிளிப்பைப் பாரத்துக்குப் போட்டேன். பாரத்தோடு சேர்ந்து இன்னும் வேகமாகச் சுழன்றது. சபையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உன் புத்தியே அதுதானே, நேராக நில் என்றால் நின்றிருக்கிறாயா?

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "படம் இந்தப் பக்கம் பாக்கோணும்" என்றார் மெதுவாக.

ஆகவே நான் எழும்பிப் போய், படத்துக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். பிரதான மண்டபங்களிலெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து பழகிய நான், என் நெஞ்சுக்கு நேரே உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, கிரியை முடியும் வரைக்கும் அப்படியே நின்றேன். உன்னை எல்லோரும் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது உன் முதுகுதான், அந்த வெள்ளைக் கடதாசி. அதன் வழியே வெளிச்சம் வந்தது. நீ சிரிப்பது மறுபக்கத்திலிருந்து ஒரு நிழல் மாதிரித் தெரிந்தது. பொய்யில்லை, இது ஒன்று மட்டும் கூட்டிச் சொல்லவில்லை. கை வலித்தது. மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. எதிரில் அக்கா உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகம் குறுக்கே வராமல், சரியவும் தள்ளவும் தேவையில்லாமல், நேராக, கண் கொட்டாமல் பார்த்தாள்.

முடிந்த பிறகு அவள் உன்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பழையபடி யன்னலில் கொழுவினாள். நான் பிறேமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அத்தானும் கேட்கவில்லை. பின்னேரம் போய்ப் பார்த்தேன். உன் வலது கன்னம் இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, மேல் ஓரம் சுருளத் தொடங்கிவிட்டது. அடுத்த மாரி வரை தாங்குமா? தெரியாது. தாங்காவிட்டால் அக்கா என்ன செய்வாள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அவளைக் கேட்கவும் பயம்.

ஆனபடியால், மகள், பெரிதாக ஒன்றும் வாக்குத் தரமாட்டேன். உன்னை நூறு வருசத்துக்கு வைத்துக் காப்பேன் என்று சொல்ல மாட்டேன். தினமும் பின்னேரம் வீட்டுக்கு வருவேன். காற்று உன்னை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தால், உள்ளே உன் அம்மா இருக்கிற பக்கம் திருப்பிவிட்டுப் போவேன். அதற்கு மேல் என்னால் ஏலாது.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி,
உன் மாமா